பிள்ளைகளையும் பெரியவர்களையும் பாதுகாத்தல்: வன்னிப் பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கங்களில் கிளினிக்கிலும் முன்பள்ளியிலும் முதியோர் இல்லத்திலும் வீடு வீடாகவும் வேலை செய்கிறவர்கள் கேட்டவை இவை. சில கேள்விகள் பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று கேட்டவை. சில, வகுப்பு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது மெல்லப் பக்கத்தில் வந்து கேட்டவை. இரண்டாவது வகைதான் கூடப் பெறுமதியானது. பதில்கள் இலங்கைச் சட்டத்தை வைத்துத்தான். இங்கிலாந்துக்குப் பராமரிப்பு வேலைக்குப் போனவர்களுக்கு ஒரு பதில் தனியாக இருக்கிறது.

இலக்கங்களை முதலே போனில் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் விசயம் 1929. பெண்கள் விசயம் 1938. பொலிஸ் 119. அம்புலன்ஸ் 1990. மனநல உதவி 1926.

இது பொலிசின் வேலைதானே? எனக்கு இதில் என்ன பங்கு?

பொலிஸ் வருவது பெரும்பாலும் எல்லாம் நடந்து முடிந்த பிறகு. அதற்கு முன்னர் அந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போகிறவர் நீங்கள்தான். குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையின் நிறை பார்க்கப் போகிறார். சமூக சேவை உத்தியோகத்தர் கொடுப்பனவு விசயமாகப் போகிறார். முன்பள்ளி ஆசிரியை நாள்தோறும் காலையில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். வேறு யாருக்கும் இந்த வாய்ப்பு இல்லை.

உங்கள் வேலை நாலு: கவனிப்பது, காது கொடுப்பது, எழுதுவது, உரியவரிடம் சொல்வது. விசாரிப்பது அதில் இல்லை. எங்கள் பக்கத்தில் காரியம் கெடுவது அநேகமாக இந்த இடத்தில்தான். ஒரு பிள்ளை ஏதோ சொல்லும். கேட்டவர் நல்ல மனதோடுதான், "முதல்ல உண்மையோ எண்டு பாப்பம்" என்று தகப்பனுக்குப் போன் எடுப்பார், பக்கத்து வீட்டில் நாலு பேரிடம் கதைப்பார், சந்தேகப்படும் ஆளையே கூப்பிட்டுக் கேட்பார். பின்னேரத்துக்குள் பிள்ளையை வேறு மாவட்டத்தில் இருக்கும் அம்மம்மா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். உடுப்பெல்லாம் தோய்த்துக் கொடியில் கிடக்கும். அடுத்த நாள் உத்தியோகத்தர் போனால், "அப்பிடி ஒண்டும் இல்லை மிஸ், பிள்ளை சும்மா சொன்னது" என்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை யாரிடமும் வாய் திறக்காது.

பிள்ளை என்றால் எத்தனை வயது வரை?

18 வரை. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயம் அப்படித்தான் சொல்கிறது. பாலியல் விசயத்தில் 16 வயதுக்குக் கீழே "சம்மதம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. முதியவர் என்று சட்டம் சொல்வது 60 வயதிலிருந்து.

அடையாளங்களைப் பட்டியலாகத் தர முடியுமா?

பட்டியலைத் தந்தால் பட்டியலில் இல்லாததைக் காணமாட்டீர்கள். காயத்தைப் பார்க்கும்போது மூன்று விசயத்தைச் சேர்த்துப் பாருங்கள்: எந்த இடத்தில் இருக்கிறது, பிள்ளைக்கு என்ன வயது, வீட்டில் சொல்லும் கதை என்ன. கிரவல் றோட்டில் சைக்கிள் பழகும் பிள்ளைக்கு முழங்காலிலும் கணைக்காலிலும் காயம் இல்லாவிட்டால்தான் அதிசயம். காதுமடல், கழுத்து, முதுகு, தொடையின் பின்பக்கம் என்று வந்தால் கவனிக்க வேண்டும். தவழத் தொடங்காத குழந்தையின் உடம்பில் கண்டல் இருந்தால், அது எவ்வளவு சின்னதென்றாலும் அன்றைக்கே வைத்தியர் பார்க்க வேண்டும். சுடுதண்ணி தவறுதலாக ஊற்றுப்பட்டால் காயம் தெறித்து, ஒழுங்கில்லாமல் இருக்கும். காலைப் பிடித்து அமுக்கியிருந்தால் கணுக்காலுக்கு மேலே கோடு போட்டதுபோல நிற்கும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. எங்கள் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்புக்குக் கீழேயும் புட்டத்திலும் நீலமும் சாம்பலுமாக ஒரு நிறமாற்றம் இருக்கும். அது அடிபட்ட கண்டல் இல்லை. கண்டல் என்றால் சில நாட்களில் பச்சை, மஞ்சள் என்று மாறி மறையும். இது அப்படியே கிடந்து சில வருடங்களில் தானாக மங்கும். பிறந்த கையோடு குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டில் இதைக் குறித்துவிட்டால், பிறகு ஒரு தாய் தேவையில்லாமல் குற்றவாளிபோல நிற்க வேண்டி வராது.

உடம்பில் தெரியாதவைதான் கூட. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் வாசலிலேயே நிற்கும் பிள்ளை. ஒரு குறிப்பிட்ட ரியூசனுக்கு மட்டும் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை. யார் வாங்கித் தந்தது என்று சொல்ல முடியாத ஒரு புதுப் போன். பெரியவர்களில் பார்த்தால், கேள்வியை அம்மாவிடம் கேட்கிறீர்கள், பதில் மகனிடமிருந்து வருகிறது. கனடாவில் இருந்து மாதா மாதம் காசு வருகிறது, ஆனால் அந்த அம்மாவின் கண்ணாடி உடைந்து ஒரு வருடமாக நூலால் கட்டியபடி இருக்கிறது.

வறுமையைப் புறக்கணிப்பு என்று எழுதிவிடாதீர்கள். ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க விடியப்புறம் வெளிக்கிடும் தாய், பெரிய பிள்ளையிடம் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாள் என்றால், அவளுக்குத் தேவை பகல் பராமரிப்பு. கையில் வசதி இருந்தும், சொல்லிக் கொடுத்தும், மருந்து எடுக்காமலும் சாப்பாடு கொடுக்காமலும் விடுவது வேறு விசயம்.

ஒரு பிள்ளை என்னிடம் சொல்லத் தொடங்கினால் என்ன செய்வது?

செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்துங்கள். பிள்ளையின் உயரத்துக்கு இருங்கள். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் இருப்பது கஷ்டம், ஆனால் அதுதான் முக்கியம். உங்கள் முகம் மாறினால் பிள்ளை நிறுத்திவிடும்.

"ஒருத்தருக்கும் சொல்ல மாட்டீங்கள்தானே ரீச்சர்?" என்று பெரும்பாலும் கேட்கும். "சொல்ல மாட்டன்" என்று சத்தியம் செய்யக்கூடாது. "உனக்கு உதவி செய்யக்கூடிய ஒருத்தருக்கு மட்டும் சொல்லுவன். ஆருக்கு எண்டு உனக்கும் சொல்லுவன்" என்று சொல்லலாம். கேள்வி கேட்பதென்றால் "பிறகு என்ன நடந்தது?", "இன்னும் ஏதும் சொல்ல விருப்பமோ?" அவ்வளவு போதும். "மாமா உன்னைத் தொட்டவரோ?" என்று பெயரையும் செயலையும் நீங்களே வாயில் போட்டுக் கொடுத்தால், பின்னாளில் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பிடிப்பது அந்தக் கேள்வியைத்தான். "ஏன் முதலே சொல்லேல்லை?" என்பது கேட்கவே கூடாத கேள்வி.

ஒருமுறை சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். ரீச்சருக்கு ஒருமுறை, அதிபருக்கு ஒருமுறை, பிறகு கிராம அலுவலர், பொலிஸ், வைத்தியர் என்று பிள்ளை கதை சொல்லியே களைத்துப்போகிறது. பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்க 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த வசதியைக் கேளுங்கள்.

எப்படி எழுதுவது? எனக்கு அறிக்கை எழுதி வராது.

அறிக்கை தேவையில்லை, குறிப்பு போதும். அன்றைக்கே, பேனையால், திகதியும் நேரமும் போட்டு. பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே, பேச்சுத் தமிழாக இருந்தாலும் மாற்றாமல்.

"பிள்ளை பயந்த சுபாவமாகக் காணப்பட்டது. தந்தை துன்புறுத்துவதாகத் தெரிகிறது." இப்படி எழுதினால் யாருக்கும் உதவாது. இதைப் பாருங்கள்: "மு.ப. 9.20. காலைக் கூட்டம் முடிந்த பிறகு. இடது தொடையின் பின்பக்கம் நீளமான மூன்று தழும்பு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய என் சுண்டுவிரல் நீளம், சிவப்பு. நான் 'என்ன நடந்தது?' என்று கேட்டேன். பிள்ளை: 'அப்பா வயரால அடிச்சவர், தங்கச்சிக்கும் அடிச்சவர்.' பிறகு கதைக்கவில்லை. நான் வேறு எதுவும் கேட்கவில்லை." இதில் உங்கள் அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள் என்ற விசயம் தவறாமல் வந்துவிட்டது. கீழே கையெழுத்து, பூட்டும் அலுமாரி, சரி.

உங்கள் சொந்தப் போனில் காயத்தைப் படம் எடுக்க வேண்டாம். வட்ஸ்அப் குழுவில், அது உத்தியோகத்தர்கள் மட்டும் உள்ள குழுவாக இருந்தாலும், பெயரும் விபரமும் போட வேண்டாம். வன்னியில் ஒரு கிராமத்தின் பெயரையும் வயதையும் சொன்னாலே எந்த வீடு என்று பாதிச் சனத்துக்குத் தெரிந்துவிடும்.

சரி, யாரிடம் சொல்ல வேண்டும்?

உடனடி ஆபத்து என்றால் 119, காயம் என்றால் 1990. மற்றும்படி முதலில் உங்கள் மேலதிகாரி. சுகாதாரப் பக்கத்தில் அது சுகாதார வைத்திய அதிகாரி. அதோடு பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். மூவரும் அநேகமாக ஒரே கட்டடத்தில்தான். பிள்ளையை வீட்டிலிருந்து எடுக்க வேண்டிய நிலை வந்தால் நன்னடத்தை உத்தியோகத்தர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பார். 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம். அந்தச் சபை 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது.

சந்தேகப்படும் ஆள் உங்கள் மேலதிகாரியே என்றால், அல்லது அதிபர், பாதர், ஐயர், விளையாட்டுக் கழகப் பயிற்றுநர், ஊருக்கு நிறையச் செய்த ஆள் என்றால், அந்த நிறுவனத்துக்கு வெளியே சொல்லுங்கள். நல்ல பெயர் உள்ளவரைப் பற்றிப் பிள்ளை சொன்னதை யாரும் நம்ப மாட்டார்கள் என்று அந்த ஆளுக்கும் தெரியும்.

ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். நான் திரும்பக் கிளறலாமா?

வேலி எல்லைச் சண்டை, மாடு பயிருக்குள் இறங்கியது, இவற்றைக் கோயில் மண்டபத்தில் வைத்துப் பேசித் தீர்க்கட்டும். பிள்ளைக்கு நடந்த பாலியல் கொடுமையைப் பேசித் தீர்க்க ஊருக்கு உரிமை இல்லை. அது குற்றம், குடும்பம் மன்னித்தாலும் குற்றம்தான். பேசித் தீர்த்தார்கள் என்றால் நடைமுறையில் என்ன? ஒரு தொகைக் காசு கைமாறும், அல்லது "அவனே கட்டட்டும்" என்று முடியும். பிள்ளை அந்த ஆளை ஒவ்வொரு நாளும் கடைச் சந்தியில் காண வேண்டும். நீங்கள் கிளறவில்லை, தகவல் கொடுக்கிறீர்கள்.

15 வயதுப் பிள்ளை கர்ப்பமாகக் கிளினிக்குக்கு வந்திருக்கிறாள். பதிந்தால் பொலிஸ் வரும் என்று தாய் அழுகிறார். என்ன செய்ய?

இதுதான் தேத்தண்ணி நேரத்தில் அதிகம் வரும் கேள்வி.

முதலில் பதியுங்கள். இந்த வயதில் இரத்தச்சோகை, பிரஷர், நிறை குறைந்த குழந்தை எல்லாவற்றுக்கும் ஆபத்துக் கூட. கிளினிக்குக்கு வந்த பிள்ளையை வெருட்டினால் அவள் திரும்ப வரமாட்டாள். உறவினர் வீட்டில் ஒளித்து வைத்து, கடைசியில் இரத்தம் போகிற நேரத்தில்தான் வைத்தியசாலைக்குக் கொண்டு வருவார்கள்.

பிறகு உண்மையைச் சொல்லுங்கள். 16 வயதுக்குக் கீழே என்றால், விரும்பித்தான் போனாள் என்றாலும் சட்டத்தில் அது பாலியல் வல்லுறவு. ஆகவே விசயம் பொலிசுக்குப் போகும். போகாது என்று ஆறுதலுக்காகச் சொன்னால் அது பொய். ஆனால் சட்டத்தில் அவள் பாதிக்கப்பட்டவள், குற்றவாளி இல்லை. இதைத் தாய்க்கும் மகளுக்கும் தனித்தனியாக, ஆறுதலாகச் சொல்லுங்கள். அவர்களது பெரிய பயம் பிள்ளையை எங்கேயோ இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது. அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. பாதுகாப்பான அம்மம்மாவோ சித்தியோ இருந்தால், அந்த விபரம் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையில் வர வேண்டும். அதற்கு நீங்கள்தான் வழி காட்டலாம்.

"கட்டி வைச்சிட்டா சரிதானே" என்பார்கள். 1995 இலிருந்து பொதுச் சட்டத்தின் கீழ் திருமண வயது 18. அதற்கு முதல் தாலி கட்டினாலும் எழுத்து வைக்க, அதாவது திருமணத்தைப் பதிய, முடியாது. எழுத்து இல்லாவிட்டால் நாளைக்கு அவன் விட்டுவிட்டுப் போகும்போது இவள் கையில் ஒரு காகிதமும் இருக்காது. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்தார்கள். அன்றைக்கு அது பிள்ளையைக் காப்பாற்றும் வழியாகத் தெரிந்தது. அப்படிக் கட்டிய பிள்ளைகள்தான் இன்றைக்குத் தாய்மாராக உங்கள் முன் இருக்கிறார்கள். குறை சொல்லும் தொனியில் கதைத்தால் அவர்களுக்கு எங்கே நோகும் என்று யோசியுங்கள்.

பாலியல் வன்முறை நடந்து சில மணித்தியாலம்தான். உடனே செய்ய வேண்டியது?

வைத்தியசாலை. கிளிநொச்சி, முல்லைத்தீவு (மாஞ்சோலை), வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் ஒன்று. பொலிஸ் துண்டு இல்லை என்று காத்திருக்க வேண்டாம், சிகிச்சைக்கு அது தேவையில்லை. பொலிசுக்கு அறிவிப்பதும் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் அங்கிருந்தே நடக்கும்.

குளிக்க வேண்டாம், உடுப்பை மாற்றினால் தோய்க்க வேண்டாம். கழற்றிய உடுப்பைக் கடதாசிப் பையில் போடுங்கள். சொப்பிங் பையில் (பிளாஸ்ரிக் பை) போட்டால் ஈரத்தில் பழுதாகிவிடும். கர்ப்பத் தடுப்புக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணித்தியாலக் கணக்கு உண்டு, எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. ஏற்கெனவே குளித்துவிட்டார், நாலு நாளாகிவிட்டது என்றாலும் போகத்தான் வேண்டும்.

அரச வைத்தியசாலைகளில் "நட்பு நிலையம்" என்று ஒரு அறை இருக்கும். சிங்களத்தில் மிதுரு பியச. வீட்டு வன்முறைக்கு ஆளானவர்கள் தனியே இருந்து கதைக்கலாம்.

பொலிஸ் என்றாலே சனம் பயப்படுகிறது. மொழியும் பிரச்சினை.

தகப்பன் யுத்தத்துக்குப் பிறகு தடுப்பில் இருந்து புனர்வாழ்வு முடித்து வந்தவர், அல்லது ஒரு அண்ணன் காணாமல் ஆக்கப்பட்ட வீடு என்றால், காக்கி உடுப்பு படலைக்கு வருவதே அவர்களுக்குப் பழையதைக் கிளறும். அந்தப் பயத்தை "தேவையில்லாத பயம்" என்று தட்டிவிடாதீர்கள். பிரதேச செயலக உத்தியோகத்தர் வழியாகத் தொடங்கலாம். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேட்கலாம். துணைக்கு ஒருவர் போகலாம்.

மொழி விசயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 1988 இன் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழி, நீதிமன்ற மொழியும் அதுதான். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் "வாசிச்சுக் காட்டினாப் பிறகு போடுறன் ஐயா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இருங்கள்.

ரீச்சர் அடித்தால்?

கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் பாடசாலையில் உடல் தண்டனையைத் தடுக்கிறது. காயம் வருமளவு அடித்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 308A பிரிவு, சிறுவருக்குக் கொடுமை செய்தல். "எங்கட காலத்தில அடிச்சுத்தான் படிச்சனாங்கள்" என்ற கதை எல்லா வகுப்பிலும் வரும், வரட்டும். சட்டம் மாறப்போவதில்லை.

சிறுவர் இல்லத்துக்கு வெளிநாட்டில் இருந்து வரும் உறவுகள் படம் எடுக்கிறார்கள். தடுத்தால் உதவி நின்றுவிடுமே?

அவர்கள் நல்ல மனதோடு வருகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நடப்பதைப் பாருங்கள். அப்பப்பாவின் நினைவுநாள் என்று மதியச் சாப்பாடு கொடுக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் வரிசையில் இருக்கிறார்கள். கோழிக்கறி வாளியில் ஆறுகிறது. பதாகையைக் கட்டி, படம் எடுத்து, சரியில்லை என்று திரும்ப எடுத்து, வீடியோ கோலில் லண்டனுக்குக் காட்டி, பிள்ளைகள் கை கூப்பி "நன்றி" சொன்ன பிறகுதான் அகப்பை அசைகிறது. சாப்பிட்டு முடிய முதல் முகங்கள் பேஸ்புக்கில். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நீதிமன்றக் கட்டளையில் வந்தவளாக இருக்கலாம், யாரிடமிருந்து காப்பாற்ற அனுப்பினார்களோ அந்த ஆளுக்கும் பேஸ்புக் இருக்கும்.

ஒரு துண்டு எழுதி வாசலில் ஒட்டுங்கள்: முகம் தெரியாமல் படம், இல்லத்தின் பெயரும் பிள்ளையின் பெயரும் சேர்ந்து வராது, யாரும் பிள்ளையைத் தனியே வெளியே கூட்டிப்போக முடியாது, அறைகளுக்குள் விருந்தினர் போக முடியாது. உதவியை நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று எழுத எனக்குச் சுலபம், நடத்துகிறவருக்கு அரிசிக் கணக்கு இருக்கிறது என்று தெரியும். என் அனுபவத்தில் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் விளங்கிக்கொள்கிறார்கள். லண்டனில் தங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் இப்படி யாரும் படம் எடுக்க விடமாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஏழைக் குடும்பத்தின் வீட்டுக்குள் கமராவோடு புகுந்து, பிள்ளையை அழ வைத்து, "உதவி செய்யுங்கோ உறவுகளே" என்று யூரியூப்பில் போடுவதும் இதே விசயம்தான். இன்னும் மோசம்.

அப்புறம், இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். வறுமை மட்டும் காரணமாகப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று 2009 இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டல் சொல்கிறது. ஒரு பிள்ளைக்கு இல்லத்தில் செலவழியும் காசைத் தாயிடம் கொடுத்தால் என்ன என்று கொடையாளரைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு பெண் புருசன் அடிக்கிறான் என்கிறார், ஆனால் முறைப்பாடு வேண்டாம் என்கிறார். நான் மீறலாமா?

வளர்ந்தவர், யோசித்து முடிவெடுக்கக்கூடியவர் என்றால் முடிவு அவருடையது. பிள்ளைகள் விசயத்துக்கும் பெரியவர்கள் விசயத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். அவர் எந்த நேரம் பாதுகாப்பாகக் கதைக்கலாம் என்று கேளுங்கள். இலக்கத்தை வேறு பெயரில் பதிந்து கொடுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சக் காசு எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். மீற வேண்டிய இடங்களும் உண்டு: உயிராபத்து, வீட்டில் பிள்ளைக்கும் ஆபத்து, செய்கிறவர் உங்கள் நிறுவன ஊழியர், அல்லது அவரால் சுயமாக முடிவெடுக்க முடியாத நிலை.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றிச் சொல்லி வையுங்கள். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள், முழுக் கட்டளை 12 மாதம் வரை. புருசனை மறியலுக்கு அனுப்பாமலே "கிட்ட வராதே" என்று கட்டளை எடுக்கலாம் என்று தெரிந்தால் பலர் மனம் மாறுகிறார்கள். மனதை நோகடிக்கும் துன்புறுத்தலும் இதில் அடங்கும்.

நுண்கடன் காசு சேர்க்க வருகிறவர் ஆம்பிளை இல்லாத வீட்டில் இருட்டிய பிறகு வந்து குந்திக்கொண்டிருப்பதையும் இந்தப் பதிலோடு சேர்த்துப் பாருங்கள். அது கடன் பிரச்சினை மட்டும் இல்லை.

முதியவர்கள் விசயத்தில் எதைக் கவனிப்பது?

காணியையும் கொடுப்பனவையும். அடி உதை குறைவு, காணி உறுதியிலும் கொடுப்பனவுத் தாளிலும் பெருவிரல் அடையாளம் வாங்குவதுதான் அதிகம். நன்கொடை உறுதி எழுதும்போது சீவிய உருத்தை (சாகும்வரை அந்தக் காணியில் இருக்கும் உரிமையை) வைத்து எழுதாமல், முழுவதையும் ஒரு பிள்ளைக்கு எழுதிவிட்டு, பிறகு மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கிறவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். எழுத முதலே சட்டத்தரணியிடம் தனியாக, பிள்ளை பக்கத்தில் இல்லாமல், கேட்கச் சொல்லுங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெற்றோரைப் புறக்கணிக்கக் கூடாது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத முதியவர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டுப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குச் சமூக சேவை உத்தியோகத்தர் உதவுவார். பெரும்பாலான அம்மாமார் "என்ர பிள்ளையில நான் வழக்கு வைக்கிறதோ" என்று மறுப்பார்கள். கடிதம் வரப்போகிறது என்று தெரிந்தாலே சில பிள்ளைகள் திருந்துவதும் உண்டு.

படுக்கையில் இருப்பவரென்றால் திருப்பிப் பாருங்கள். இடுப்பு, குதி, தோள்பட்டை. படுக்கைப் புண் எல்லா நேரமும் புறக்கணிப்பால் வருவதில்லை, ஆனால் மணக்கத் தொடங்கும்வரை யாரும் காணவில்லை என்றால் கேள்வி இருக்கிறது.

மனநோய் உள்ள மகனைத் தாய் சங்கிலியால் கட்டி வைத்திருக்கிறார்.

அந்தத் தாயை ஏசாமல் தொடங்குங்கள். கட்டாத நாளில் அவன் கிணற்றடிக்குப் போயிருப்பான், ஏ9 வீதியில் ஏறியிருப்பான். கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கும். மருந்து நின்றதால்தான் சங்கிலி வந்தது. மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குச் சொன்னால் வீட்டுக்கு வந்து பார்க்கவும், மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாற்றவும் வழி இருக்கும். சங்கிலி கழருமட்டும் விடாமல் போய் வாருங்கள். அதே வீட்டில் அறிவு வளர்ச்சி குறைந்த மகள் ஒருத்தி இருந்தால், பகலில் அவளோடு யார் நிற்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

எங்கள் நிறுவன ஊழியரே தவறு செய்தால்?

உதவிப் பொருளுக்கும் கொடுப்பனவுக்கும் பதிலாகப் பாலியல் இலஞ்சம் கேட்பது, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோடு உறவு வைப்பது, இரண்டும் வேலையைப் பறிக்கும் குற்றம் என்று மனிதாபிமான நிறுவனங்கள் 2002 இல் பொது விதியாக ஏற்றுக்கொண்டன. "அவவும் விரும்பித்தான்" என்பது எடுபடாது. இடமாற்றம் தண்டனையில்லை. பக்கத்துப் பிரதேசத்துக்கு மாற்றினால் அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் கெயார் ஹோமில் வேலை. பயிற்சியில் "சேவ்கார்டிங்" (பாதுகாத்தல்) என்று பெரிய பாடமே இருக்கிறது. எங்கள் ஆட்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

அன்பில்தான் சறுக்குகிறார்கள். இங்கே அம்மம்மா சாப்பிடாவிட்டால் "ஒரு வாய், ஒரு வாய்" என்று ஊட்டிவிடுவோம், எழும்பி விழுந்துவிடுவார் என்று கதிரையோடு சீலையால் கட்டுவோம், வெளியே போகாமல் கதவைப் பூட்டுவோம். அங்கே முதலாவது வற்புறுத்தல், இரண்டாவதும் மூன்றாவதும் சுதந்திரத்தைப் பறித்தல். முறையான அனுமதி இல்லாமல் செய்தால் உங்கள் மேலேயே முறைப்பாடு வரும். 2005 ஆம் ஆண்டின் மென்ரல் கப்பாசிட்டி அக்ட், ஒருவரால் முடிவெடுக்க முடியும் என்ற அனுமானத்தில்தான் தொடங்குகிறது. முடியாது என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும். 2014 ஆம் ஆண்டின் கெயார் அக்ட் வழிகாட்டலில் பத்து வகைத் துன்புறுத்தல் இருக்கிறது. தன்னைத் தானே கவனிக்காமல் விடுவதும், நிறுவனமே ஒட்டுமொத்தமாகச் சரியில்லாமல் இருப்பதும் அதில் அடங்கும். சந்தேகம் வந்தால் மனேஜரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டால் உள்ளூராட்சிச் சபையின் பாதுகாப்புப் பிரிவு, அல்லது பராமரிப்பு இல்லங்களைக் கண்காணிக்கும் அமைப்பான சி.கியூ.சி.

அந்தப் பத்தில் நவீன அடிமைத்தனமும் ஒன்று. உங்கள் கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்திருந்தால், விசாவைக் காட்டி வெருட்டினால், பாதுகாக்கப்பட வேண்டியவர் நீங்கள். இங்கே இருப்பவர்களுக்கு ஒன்று: 2025 ஜூலை 22 உடன் பராமரிப்புப் பணியாளரைப் புதிதாக வெளிநாட்டிலிருந்து எடுப்பதை இங்கிலாந்து நிறுத்திவிட்டது. இன்னும் "கெயார் விசா எடுத்துத் தாறன்" என்று காணியை ஈடு வைக்கச் சொல்கிறவரிடம் கவனம்.

நான்தான் சொன்னேன் என்று தெரிந்தால் ஊரில் இருக்க முடியாது.

1929 க்குப் பெயர் சொல்லாமலே எடுக்கலாம். முறைப்பாட்டாளரையும் சாட்சியையும் வெருட்டுவது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். நடைமுறையில் இன்னொன்று: தனி ஆளாகக் கொடுக்காமல் நிறுவனத்தின் பெயரில், மேலதிகாரியின் கையெழுத்தில் போகட்டும். அதற்குத்தான் முதலே மேலதிகாரியிடம் சொல்வது.

சொல்லி ஒரு மாதமாகிறது. ஒன்றும் நடக்கவில்லை.

நினைவூட்டல் கடிதம் எழுதுங்கள், முதல் கடிதத்தின் பிரதியை இணைத்து. 1929 இல் தந்த முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். பிரதேசத்தில் அசையாவிட்டால் மாவட்டச் செயலகம். பொலிஸ் எடுக்காவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம்.

வழக்குத் தொடங்கினாலும் வருடக் கணக்கில் இழுபடும், இதைக் குடும்பத்துக்கு முதலே சொல்லிவிடுங்கள். தவணைக்குப் போகும் நாளில் தாயின் கூலி போகும், பஸ் காசு போகும், பிள்ளையின் பாடம் போகும். தவணைத் திகதியை உங்கள் நாட்குறிப்பிலும் எழுதி வையுங்கள். சாதாரண தரப் பரீட்சை நாளில் தவணை விழுந்தால், முன்கூட்டியே சட்டத்தரணியிடம் சொல்லித் திகதி மாற்றக் கேட்கலாம்.